கேசட் பார்த்து உளி தீட்டிய கதை

ஒரு காலத்தில் ஆறு மாதத்துக்கு என் இடது முன்கையில் ஒரு மயிர்கூடக் கிடையாது. தோட்டத்து மருந்தகத்தில் இருந்த டிரஸ்ஸர் அதைப் பார்த்துவிட்டு ஏதோ தோல் வியாதி என்று களிம்பு கொடுத்தார். வியாதியில்லை, நான் தீட்டுகிற கத்திகளின் கூர்மையைச் சோதித்துப் பார்க்கிற இடம் அது என்று விளக்கினேன். களிம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு, மறுநாள் தன் வீட்டுக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த நாட்களில் எனக்கு அவ்வளவு மரியாதை இருந்தது. இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எண்பதை நெருங்குகிறேன். இதை எழுதுவது கத்தி தீட்டும் வித்தையைச் சொல்லிக்கொடுக்க அல்ல. அந்த வித்தையை வைத்துக்கொண்டு ஓர் அக்காவின் மரங்களை நான் எப்படிப் பறித்தேன் என்பதைச் சொல்ல. அக்கா என்று இப்போது எழுதுகிறேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனாலும் அன்று நான் அவரை ‘நீ’ என்றும் ‘இந்தாம்மா’ என்றும்தான் கூப்பிட்டேன். அவர் என்னை ‘ஐயா’ என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், கூலிமுக்கும் கரங்கானுக்கும் நடுவே இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் வெளிக்காட்டுக் கிராணி. விடியுமுன் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது, அவர்கள் மரம் வெட்டும்போது பின்னால் போய் வெட்டைப் பார்ப்பது, பகலில் பால் நிறுப்பது, சாயங்காலம் இதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதுவது, இதுதான் வேலை. சுங்கை பட்டாணியில் விடுதியில் தங்கி ஐந்தாம் பாரம்வரை படித்தவன். மூன்று மொழிகளில் கடிதம் எழுதுவேன். உளியைப் பிடித்ததில்லை. பிடிக்க வேண்டிய அவசியம் இருப்பதாகவும் தோன்றியதில்லை.

பால்மரம் வெட்டுவது தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். உளி மரத்தின் தோலை மட்டும்தான் சீவ வேண்டும். தோலைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் அதற்குப் பெயர் காயம். காயம் போடுகிறவர்களை யாரும் மன்னிக்க மாட்டார்கள். காயம் அதிகமானால் அவர்களிடமிருந்து நிரையைப் பிடுங்கிவிடுவார்கள். நிரை என்பது ஒருவருக்கென்று ஒதுக்கிய மரங்கள். நிரை போனால் புல் வெட்டுகிற, மருந்தடிக்கிற கூட்டத்தோடு போய்ச் சேர வேண்டியதுதான்.

அந்த வருடம் எல்லாத் தோட்டங்களிலும் காயம் கூடிவிட்டது என்று தலைமை அலுவலகம் கவலைப்பட்டது. ஆளுக்கு ஒரு விதமாக உளி தீட்டுவதுதான் காரணம் என்று அங்கே யாரோ கண்டுபிடித்தார்கள். ஒரு வீடியோ கேசட் வந்தது. தோட்டத்தை நிர்வகித்த துரை அதை என் கையில் கொடுத்து, நன்றாகப் படித்துக்கொண்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடு என்றார். தோட்டத்தில் ஒரே ஒரு வீடியோப் பெட்டி இருந்தது. அது தொழிலாளர் கிளப்பில், சனிக்கிழமைப் படங்களுக்காக வைக்கப்பட்டிருந்தது. பயிற்சியின் பொருட்டு அது என் வீட்டுக்கு வந்தது. சனிக்கிழமைப் படம் நின்றது. பெட்டியைத் தூக்கி வந்த இரண்டு பேரும் அதை வைத்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள்.

கேசட்டைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவ்வளவு அருமையாக எடுத்திருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேசை. அதற்குப் பின்னால் நம்மைப் பார்த்தபடி ஒரு மனிதர். முகம் பாதிதான் தெரியும், கைகள்தான் படம் முழுக்க. நகம் சுத்தமாக வெட்டிய, அவசரமே இல்லாத கைகள். வலது கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. கல்லை எடுத்தால் முதலில் அதை மூன்று பக்கமும் திருப்பிக் காட்டுவார். எண்ணெய் எத்தனை சொட்டு என்று காட்டுவார். கல் உளியின் மேல் போகும்போது வருகிற அந்தச் சத்தத்தைக்கூடத் தனியாகப் பதிவு செய்திருந்தார்கள். தெளிவான மலாயில், தூங்க வைக்கிற குரலில் ஒருவர் விளக்கிக்கொண்டே போவார். அரை மணி நேரம். கடைசியில் ஒரு புல்லாங்குழல் ஓங்கி ஒலிக்கும், திரை கறுப்பாகும், நான் எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பி ஓட்டி மறுபடியும் முதலிலிருந்து பார்ப்பேன்.

பால் நிறுத்து முடித்துவிட்டு வந்த ஒவ்வொரு பிற்பகலும் அதுதான் எனக்குப் படம். கையில் கல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதரோடு சேர்ந்து நானும் செய்வேன். அவர் சாய்ந்தால் சாய்வேன். அவர் உளியை வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடினால் நானும் மூடுவேன். மூன்றாம் வாரம் குரலை அணைத்துவிட்டு அந்த மலாய் விளக்கத்தை நானே சொல்லுமளவுக்கு வந்துவிட்டேன்.

முதலில் வீட்டுக் கத்திகளில் கை வைத்தேன். என் மனைவியிடம் நான்கு கத்திகளும் ஒரு வெட்டுக்கத்தியும் இருந்தன. வெட்டுக்கத்தி தேங்காய் உடைக்க மட்டுமே, அதற்குக் கூர்மை தேவையே இல்லை. அதையும் சவரக்கத்தி மாதிரி ஆக்கினேன். தேங்காய் உடைவதை நிறுத்திவிட்டுச் சீவப்பட ஆரம்பித்தது. தக்காளியைத் தொட்டால் இரண்டாக விழுகிறது என்று முதல் நாள் சந்தோஷப்பட்ட என் மனைவி, ஒரு வாரத்தில் இரண்டு விரல்களில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மழுங்குன கத்தி ஒண்ணு வேணும்ங்க. இதுங்கள நம்பி அடுப்படிக்குள்ள போக முடியல” என்றாள்.

புகழ் பரவியது. டிரஸ்ஸரின் கத்தரிக்கோல், பெரிய கிராணி வீட்டு அரிவாள்மனை, கோயில் பூசாரியின் வாழைத்தார் வெட்டும் கத்தி எல்லாம் வந்தன. தஞ்சோங் டாவாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிற அண்ணன் முதலில் தன் கத்தியைத் தர மறுத்தார். வற்புறுத்தி வாங்கித் தீட்டிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வந்து சொன்னார்: “கத்தி நல்லாத்தான் இருக்குலா கிராணி. மீன அறுக்குது, அதோட பலகையையும் அறுக்குது. நேத்து மூணு வீட்டுக் குழம்புல பலகைத் தூளு.” இதையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த வெற்றிகள்தான் என்னை ஏமாற்றின. அரிவாள்மனைக்கும் மீன் கத்திக்கும் இரண்டு பக்கமும் ஒன்று. எந்தப் பக்கம் எப்படித் தீட்டினாலும் அது வெட்டும். பால்மரத்து உளி அப்படி இல்லை. அதன் தலை மடித்த இலை மாதிரி இரண்டு சிறகாக இருக்கும். ஒரு சிறகு தோலைச் சீவும், அதை மெல்லியதாக ஆக்க வேண்டும். மற்றது கட்டையை ஒட்டிப் போகும், அதைச் சற்றுத் தடிப்பாகவே விட வேண்டும். இல்லையென்றால் அது உள்ளே பாயும். எந்தச் சிறகு எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வித்தையில் தேறிவிட்டேன் என்று முடிவு செய்ததும் ஒரு நாள் பெரட்டில் அறிவித்தேன். இனி உளிகள் எல்லாம் ஒரே முறையில், ஸ்டோரில் என் மேற்பார்வையில் தீட்டப்படும். அதற்காக எல்லாரும் தங்கள் சாணைக்கல்லை ஒப்படைக்க வேண்டும். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. மரம் வெட்டுகிறவர்கள் உளியைக்கூடக் கடன் கொடுப்பார்கள், கல்லைக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு கல்லும் அவரவர் கைக்குத் தகுந்தபடி தேய்ந்திருக்கும். வெற்றிலைப் பெட்டிக்குள், சட்டைப் பைக்குள், கூடவே இருக்கும். அதையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, மேலே சீட்டு எழுதி ஒட்டி ஸ்டோரில் பூட்டினேன். வீடு வீடாகப் போய்ப் பல்செட்டைக் கழற்றி வாங்கியது போல்தான் இருந்திருக்கும் அவர்களுக்கு. எனக்கு அப்போது அது ஒழுங்கு.

இப்போது அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக ஒரே நிரையை வெட்டுகிறவர். அவர் மரங்களில் வெட்டுக்கோடு ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் இருக்கும். நல்ல வெட்டுக்காக ஒரு தடவை தோட்டத்திலிருந்து சுவர்க்கடிகாரம் பரிசு வாங்கியவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் நமக்குப் பதில் வராது.

புது முறை தொடங்கிய இரண்டாம் நாளே என் முன்னால் வந்து நின்றார்.

“ஐயா, உளி மாறிப் போயிருக்கு. உள்ள இழுக்குது.”

“எந்தப் பக்கம் இழுக்குது?”

“கட்டைப் பக்கம்தான். தோலுப் பக்கம் இழுத்தா நான் ஏன் ஐயாகிட்ட வரேன்?”

“கேசட்ல அப்படித்தான் இருக்கு. நாலு நாள் வெட்டு, கை பழகிடும்.”

“கை பழகிடும் ஐயா. மரம் பழகணும்லா.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. கோபத்தில் ஒரு முடிவு எடுத்தேன். இந்தத் தோட்டத்தின் முதல் வெட்டுக்காரிக்கு உளி தீட்டும் பொறுப்பை வேறு யாரிடமும் விடாமல் நானே ஏற்றுக்கொள்வது. மற்றவர்களின் உளிகளை ஸ்டோர் ஆட்கள் இரண்டு பேர் நான் காட்டியபடி தீட்டினார்கள். அதாவது நான் பார்க்கும்போது மட்டும். மற்ற நேரத்தில் அவர்களும் தெரிந்த பழைய வழியில் தீட்டினார்கள். உளி சொந்தக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மாரியம்மன் கோயில் படியில், கால்வாய்ச் சிமெண்டில், கவிழ்த்த பீங்கான் தட்டின் அடியில் என்று கிடைத்த இடத்தில் தீட்டிச் சரி செய்துகொண்டார்கள். கோயில் படியில் அந்த மாதம் விழுந்த பள்ளத்தைப் பிறகு பூசாரி என்னிடம் காட்டினார்.

அக்காவின் உளிக்கு மட்டும் அந்த வழி இல்லை. அதை நான் வெட்டு முடிந்ததும் வாங்கி வைத்துக்கொள்வேன். எண்ணெய் போட்டு, அரை மணி நேரம் பக்தியோடு தீட்டி, முன்கையில் சோதித்து, மறுநாள் விடியுமுன் பெரட்டில் அவர் கையில் கொடுப்பேன். தோட்டத்திலேயே மிகக் கச்சிதமாகத் தப்பாகத் தீட்டப்பட்ட உளி அது.

ஒரு மாதத்தில் தலைமை அலுவலகத்திலிருந்து காயம் பார்க்கிற அதிகாரி வந்தார். துரையும் கூட வந்தார். எந்த நிரைக்குப் போகலாம் என்று கேட்டபோது நான்தான் முந்திக்கொண்டு அக்காவின் நிரைக்கு அழைத்துப் போனேன். என் முறையின் பலனைக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை என்று நம்பினேன். அக்கா எங்களைப் பார்த்ததும் வெட்டுவதை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றார்.

அதிகாரி வெட்டுக்கோட்டில் சிறிய ஊசி ஒன்றைச் செருகிப் பார்த்து, காயம் இருந்த இடத்தில் எல்லாம் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். முதல் மரத்தில் மூன்று வட்டம். அடுத்ததில் நான்கு. பத்தாவது மரத்துக்குள் சாக்குக்கட்டி தீர்ந்து, இன்னொன்றை எடுத்தார். அம்மை போட்ட பிள்ளைகளை வரிசையாக நிறுத்தியதுபோல் நின்றன மரங்கள். நான் தினமும் இந்த நிரைக்கு வருகிறவன். வெட்டைப் பார்ப்பது என் வேலை. ஆனால் அந்த மாதம் முழுக்க நான் பார்த்தது உளியைத்தான், மரத்தை அல்ல.

துரை என்னிடம் திரும்பி, இது எப்படி நடந்தது என்று கேட்டார்.

அந்தப் பெண் பழைய பழக்கத்தை விடமாட்டேன் என்கிறாள், புது முறைக்கு ஒத்துழைக்கவில்லை என்று சொன்னேன். ஆங்கிலத்தில் சொன்னேன். துரை நன்றாகத் தமிழ் பேசுவார். அக்காவுக்குப் புரியக் கூடாது என்பதற்காகவே ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த உளியைத் தினமும் தீட்டியவன் நான் என்பதைச் சொல்லவில்லை. நான் செய்த குற்றங்களில் மற்றவை அறியாமை. இது அறிந்தே செய்தது.

மறுநாள் அக்காவின் நிரை வேறொருவருக்குப் போனது. அவரைப் புல் வெட்டுக் கூட்டத்தில் சேர்த்தார்கள். அன்று பிற்பகல் ஆபீசுக்கு வந்தார். அழுவார் அல்லது திட்டுவார் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன். உளியை என் மேசையில், என் கையில் கொடுக்காமல், வைத்தார்.

“உளி தோட்டத்தோடது. கல்லு என்னோடது. கல்லக் குடுங்க.”

சாக்கை அவிழ்த்தேன். நாற்பது ஐம்பது கற்கள், எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரிந்தன. எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து உள்ளே கையை விட்டார், பார்க்காமலே ஒன்றை எடுத்தார், முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

அவ்வளவுக்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் என் மேல் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு பிற்பகல், வழக்கம்போல் கேசட்டைப் போட்டுவிட்டு உளியும் கல்லுமாக உட்கார்ந்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.

“அவரு எந்தக் கையில கல்ல வச்சிருக்காரு?”

“நான் வச்சிருக்கிற பக்கம்தான்” என்றேன்.

“அவரு நம்மளப் பாத்து உக்காந்திருக்காருங்க. உங்களுக்கு நேரா இருக்கிறது அவருக்கு மத்தப் பக்கம். நீங்க கண்ணாடியப் பாத்து சவரம் பண்ற மாதிரி பண்ணிக்கிட்டு இருக்கீங்க.”

வீட்டு வேலை பார்க்கிறவளுக்கு இதெல்லாம் புரியாது என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டு, கல்லை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய் வாசலில் நின்றேன். உள்ளே புல்லாங்குழல் ஒலித்து முடிந்தது. கோபத்தில் நான் கேசட்டைத் திருப்பி ஓட்டப் போகவில்லை. அவளுக்கு அந்தப் பெட்டியின் பொத்தான்கள் தெரியாது. அது பாட்டுக்குக் கறுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மறுபடியும் புல்லாங்குழல் கேட்டது.

“இன்னும் இருக்குங்க” என்று கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். அதே மேசை, அதே கைகள். ஆனால் இந்தத் தடவை அந்த மனிதரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். அவருடைய வலது கை நம்முடைய வலது கை இருக்கும் இடத்திலேயே இருந்தது. தூங்க வைக்கிற குரல் பொறுமையாகச் சொன்னது: எதிரிலிருந்து பார்க்கிறவர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிக்கொள்வது சகஜம், ஆகவே இதே பாடத்தை இப்போது பின்னாலிருந்து பார்ப்போம். அதுவும் அரை மணி நேரம்.

“எத்தனை வாட்டி பாத்திருப்பீங்க?” என்று கேட்டாள் மனைவி.

“அம்பது, அறுபது.”

“பாதிய” என்று சொல்லிவிட்டுப் புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளே எல்லாருக்கும் கற்களைத் திருப்பிக் கொடுத்தேன். சோதனை முறை வெற்றிகரமாக முடிந்தது என்று பெரட்டில் அறிவித்தேன். புல் வெட்டுக் கூட்டம் சற்றுத் தள்ளி வரிசையாக நின்றது. அக்கா அதில் கடைசி ஆள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பேர் கூப்பிடப் பழகிக்கொண்டேன்.

தாங்க முடியாமல் அந்தச் சனிக்கிழமை கூலிமில் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இடையில் உளியின் சிறகுகளைப் பற்றி விளக்க வேண்டியிருந்தது, வெளியே காத்திருந்தவர்கள் இருமினார்கள். ஃபாதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல ஃபாதர்.”

“அப்ப முதல்ல அங்க போயிட்டு இங்க வாங்க.”

கூடவே ஒரு ஜெபமாலையும் சொல்லச் சொன்னார். வீட்டுக்குப் போய் மூன்று ஜெபமாலை சொன்னேன். அதிகமாகச் சொன்ன இரண்டும் அக்காவிடம் போகாததற்கு ஈடாகிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

பிறகு எனக்கு இன்னொரு யோசனை வந்தது, படித்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. குற்றம் கேசட் மேல் போய்விட்டால் அக்காவுக்கு மரம் திரும்பக் கிடைக்கும், எனக்கும் ஒன்றும் ஆகாது. தலைமை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் தயாரித்தேன். கேசட்டில் படம் இடவலம் மாறிப் பதிவாகியிருக்கிறது, இதனால் எங்கள் தோட்டத்தில் தவறு நேர்ந்துவிட்டது, உடனே கவனிக்கவும். நல்ல கடிதம். துரை படித்துவிட்டு, அப்படியா என்று புருவத்தைத் தூக்கிக் கையெழுத்துப் போட்டார். பதிலாக வேறு கேசட் வரும், அல்லது ஒன்றும் வராது என்று எதிர்பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் ஒரு வேன் வந்தது. அதிலிருந்து ஒரு மலாய்க்காரர் இறங்கினார். முகம் எனக்குப் பழக்கமில்லை. கை குலுக்கினார். கட்டைவிரலில் தழும்பு. கேசட்டின் கைகள் நேரில் வந்துவிட்டன.

பால் நிறுத்து முடிந்த பிறகு பால் கொட்டகையில் கூட்டம். வெட்டுக்காரர்கள், புல் வெட்டுக் கூட்டம், எல்லாரும் வர வேண்டும் என்று துரை உத்தரவு. நடுவில் ஒரு மேசையும் எதிரெதிராக இரண்டு நாற்காலிகளும் போட்டார்கள். அந்த மலாய்க்காரர் மிகவும் மரியாதையானவர். தங்கள் கேசட்டில் பிழை இருக்கலாம், வயது ஆன இயந்திரங்கள், எதுவும் நடக்கும், கேசட்டில் பார்த்தபடியே தமக்கு ஒரு தடவை செய்து காட்ட முடியுமா என்று கேட்டார்.

நான் அப்போது இருந்த நிலையைச் சொல்ல வேண்டும். சரியாகத் தீட்டினால் கேசட் சரி என்று ஆகிவிடும், என் கடிதம் பொய். தவறாகத் தீட்டினால் கடிதம் நிற்கும். ஆகவே ஐம்பது அறுபது பேர் முன்னிலையில், எது சரி என்று நன்றாகத் தெரிந்த பிறகு, வேண்டுமென்றே தவறாகத் தீட்டினேன். சாய வேண்டிய இடத்தில் சாய்ந்தேன். ஒரு கண்ணை மூடினேன். அவர் எதிரில் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார். இவ்வளவு அக்கறையாகத் தம்முடைய பாடத்தைக் கற்ற மாணவரைப் பார்த்ததில்லை, தாம் தலையைச் சாய்க்கிற விதத்தைக்கூட விடவில்லை என்று துரையிடம் சொன்னார்.

பிறகு எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கினார். மேசையைச் சுற்றி வந்து என் பக்கத்தில், தோளோடு தோள் படும்படி போட்டு உட்கார்ந்தார். இன்னொரு உளியை எடுத்து அதே பாடத்தைச் செய்தார். முடித்ததும் இரண்டு உளிகளையும் வெள்ளைத் துணியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மற்றதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தது. என் உளிக்கு ஏற்ற மரம் வேண்டுமானால், எல்லா மரத்துக்கும் வெட்டுக்கோடு எதிர்ப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு மரம் எங்கள் தோட்டத்தில் இல்லை.

என் காதருகே குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, இரண்டாவது பாதியைப் பார்த்தீர்களா என்று மலாயில் கேட்டார். அவர் மெதுவாகத்தான் கேட்டார். கொட்டகைக்குத் தகரக் கூரை. முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டது, அவர்கள் பின்வரிசைக்குச் சொன்னார்கள். சிரிப்பு பின்னாலிருந்து முன்னால் வந்தது. பெட்டியைக் கிளப்பிலிருந்து தூக்கி வந்த இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

துரை சிரிக்கவில்லை. நிரை போன அந்தப் பெண்ணின் உளியை யார் தீட்டினார்கள் என்று தமிழில் கேட்டார்.

சிரிப்பு நின்றது. அங்கே இருந்த எல்லாருக்கும் பதில் தெரியும். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த புல்வெட்டியின் பிடியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, எனக்கு உதவவும் இல்லை.

நான்தான் என்றேன். முதலில் ஆங்கிலத்தில்தான் வாய் வந்தது. பிறகு தமிழில் சொன்னேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த நாற்காலி மேசையைச் சுற்றி வராமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் அக்காவுக்கு நிரை திரும்பக் கிடைத்தது. வீடியோப் பெட்டி கிளப்புக்குப் போனது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். ஆபீசில் எனக்குத்தான் ஆங்கிலம் நன்றாக வரும் என்பதால் அதை நானே எழுதி டைப் செய்தேன். துரை படித்துவிட்டு, போதுமான கடுமை இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தடவை எழுதியதை ஏற்றுக்கொண்டார்.

அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொண்டாயிற்று, தனியாக வேறு கேட்க வேண்டுமா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூலிமுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதையும் நிறுத்தினேன். ஃபாதர் முதலில் அதைத்தான் கேட்பார். ஏழு வருடம் இப்படியே போனது.

மரத்தின் ஒரு பக்கத்தை வெட்டி முடித்தால் மறுபக்கத்துக்குப் போவார்கள். அது முடிவதற்குள் முதல் பக்கத்தில் புதுத் தோல் வளர்ந்திருக்கும், திரும்ப வந்து அதை வெட்டுவார்கள். எண்பதுகளின் கடைசியில் அக்காவின் நிரை அப்படித் திரும்பி வந்தது. ஒரு நாள் காலை, நன்றாக விடிந்த பிறகு, அவர் நிரையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன்.

“ஐயா, கொஞ்சம் இங்க வாங்க. உங்க புள்ளைங்கள வந்து பாருங்க.”

போனேன். காயம் பட்ட இடத்தில் தோல் ஒழுங்காக மூடாது. உள்ளே முடிச்சு விழுந்து, வெளியே கட்டியாகப் புடைத்து வளரும். ஏழு வருடத்துக்கு முன் அதிகாரி சாக்குக்கட்டியால் வட்டம் போட்ட இடமெல்லாம் இப்போது கட்டி கட்டியாக நின்றது. அதில் உளி பட்டால் வழுக்கும், அல்லது சிக்கும். மரத்துக்கு மரம் அவர் அதைச் சமாளித்து வெட்ட வேண்டும். எலுமிச்சம்பழம் அளவில் இருந்த ஒன்றை விரலால் தட்டினார்.

“இவன் மூத்தவன். இவன்கிட்ட வரப்ப மூச்ச அடக்கிக்கணும். அந்தா அந்த மரத்துல இருக்கிறது ரெட்டை. நல்லா வளத்துக் குடுத்திருக்கேன் பாத்துக்குங்க.”

அவர் முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“அக்கா” என்றேன். அந்தச் சொல் எனக்கே புதிதாக இருந்தது. “என்னை மன்னிச்சிருங்க. உளிய நான் தப்பா தீட்டினேன். அதுக்கும் மேல, அன்னிக்கு துரைகிட்ட உங்களப் பத்திப் பொய் சொன்னேன். நீங்க ஒத்துழைக்கலன்னு இங்கிலீஷ்ல சொன்னேன்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? நீங்க இங்கிலீசுல பேசுனீங்க. விரல எம்பக்கம் நீட்டித்தானே பேசுனீங்க.”

அங்கேயே நின்றேன். அவர் உளியைக் கட்டைவிரலில் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பினார்.

“சொல்லிட்டீங்கல்ல, அது போதும். இப்ப நகருங்க ஐயா. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

நகர்ந்து நின்றேன். உளி கட்டியின் ஓரம்வரை வந்தது, நின்றது, ஒரு நூல்கூட உள்ளே போகாமல் அதைச் சுற்றி வளைந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. பால் அந்த வளைவிலேயே தயங்கி, பிறகு வழிந்து கீழே கட்டியிருந்த மங்குக் கோப்பையில் சொட்டியது. அக்கா அடுத்த மரத்துக்கு நடந்தார். அங்கே இரண்டு இருந்தன.